ஒரு புரோகிராம் மட்டும் தகராறு செய்கிறதா? விண்டோஸில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தருமபுரியில் டிடிபி கடை, கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையின் கணக்கு அறை, ஓசூரில் சிறு பட்டறையின் அலுவலகம்: எங்கே பார்த்தாலும் ஒரே கம்ப்யூட்டரில் இருபது வருடப் பழைய புரோகிராமும் போன மாதம் போட்ட புரோகிராமும் சேர்ந்தே ஓடுகின்றன. அவற்றில் ஒன்று மட்டும் மக்கர் செய்தால், உடனே 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' (நிர்வாகி அனுமதியோடு திறப்பது) டிக்கைப் போடுகிறார்கள். அதுவும் சரிவராவிட்டால் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் தேவையில்லாதவை. முதலாவது புதுக் கோளாறுகளைக் கொண்டுவரும். இரண்டாவது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மற்றவற்றையும் கெடுக்கும். கோளாறு ஒரு புரோகிராமில் இருந்தால், மருந்தும் அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டுமே போய்ச் சேரவேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அதற்கு வழி இருக்கிறது. மெனுப் பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் வரும் உச்சரிப்பிலேயே கீழே எழுதியிருக்கிறோம்.

டெஸ்க்டாப் ஐகானில் திறந்தால் சரி, வேறு வழியில் திறந்தால் பழையபடி

இதை முதலில் புரிந்துகொண்டால் மீதிப் பாதி தானே விளங்கும். ஒரு புரோகிராமுக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு: டெஸ்க்டாப் ஷார்ட்கட், டாஸ்க்பாரில் பின் செய்த ஐகான், ஸ்டார்ட் மெனு, ஃபைலை டபுள் கிளிக் செய்வது. நான்கும் தனித்தனி. டெஸ்க்டாப் ஷார்ட்கட்டில் நீங்கள் செய்த மாற்றம் டாஸ்க்பார் ஐகானுக்குப் போகாது. பின் செய்யும்போது விண்டோஸ் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது. ஃபைலை டபுள் கிளிக் செய்தால் ஷார்ட்கட் எதுவுமே தொடப்படுவதில்லை, புரோகிராம் நேராகத் திறக்கிறது.

டாஸ்க்பார் நகலைத் திருத்த, அந்த ஐகானை ரைட் கிளிக் செய்யுங்கள். மேலெழும் பட்டியலில் புரோகிராமின் பெயர் இருக்கும். அந்தப் பெயரின் மேல் மறுபடி ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' தேர்ந்தெடுங்கள். அல்லது பழைய பின்னை எடுத்துவிட்டு, திருத்திய ஷார்ட்கட்டையே புதிதாகப் பின் செய்யுங்கள்.

எந்த மாற்றம் எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியின் 'ஷார்ட்கட்' டேபில் உள்ள டார்கெட், ஸ்டார்ட் இன், ரன், அங்கேயே 'அட்வான்ஸ்டு' பொத்தானுக்குள் இருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் டிக் ஆகியவை அந்த ஒரு ஷார்ட்கட்டுக்கு மட்டும். 'கம்பாட்டிபிலிட்டி' டேபில் செய்பவை புரோகிராம் ஃபைலின் முகவரியோடு சேர்ந்து பதிவாகின்றன. எந்த வாசலில் நுழைந்தாலும் செல்லும். ஆனால் புரோகிராமை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் அந்தப் பதிவு பயனற்றுப் போகும். வேறு விண்டோஸ் யூசரில் நுழைந்தாலும் செல்லாது. எல்லா யூசருக்கும் வேண்டுமானால் அதே டேபின் அடியில் 'சேஞ்ச் செட்டிங்ஸ் ஃபார் ஆல் யூசர்ஸ்' பொத்தானை அழுத்தி, அதற்குள் போய் மாற்றவேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கிய புரோகிராமுக்கு கம்பாட்டிபிலிட்டி டேப் வராது. தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம்.

புரோகிராம் திறக்கிறது, ஆனால் 'டேட்டா ஃபைலைக் காணோம்' என்கிறது

பழைய கணக்கு, பில்லிங் புரோகிராம்களில் அடிக்கடி வருவது. அவை தங்கள் டேட்டாவை முழு முகவரி சொல்லித் தேடுவதில்லை. 'நான் நிற்கும் ஃபோல்டரில் என்ன இருக்கிறது' என்றுதான் பார்க்கின்றன. எங்கே நிற்பது என்பதைச் சொல்வதுதான் 'ஸ்டார்ட் இன்' பெட்டி. ஷார்ட்கட்டைப் பென்டிரைவில் நகலெடுத்து வந்தாலோ, கையால் புதிதாக எழுதினாலோ அது காலியாகவோ பழைய முகவரியோடோ இருக்கும்.

சரியான ஃபோல்டரைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையில் கிளிக் செய்து நகலெடுத்து, 'ஸ்டார்ட் இன்' பெட்டியில் ஒட்டுங்கள். இரண்டு நிறுவனத்தின் டேட்டாவையும் தனித்தனி ஃபோல்டரில் போட்டு, இரண்டு ஷார்ட்கட் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு 'ஸ்டார்ட் இன்' கொடுத்தே பிரித்துவிடக்கூடிய பழைய புரோகிராம்களும் உண்டு.

'டார்கெட் பெட்டியில் உள்ள பெயர் செல்லாது' என்று விண்டோஸ் மறுத்தால் மேற்கோள் குறியைப் பாருங்கள். முகவரியில் இடைவெளி இருந்தால் (புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயரிலேயே இருக்கிறது) முகவரி முழுவதும் இரட்டை மேற்கோளுக்குள் வரவேண்டும். கூடுதல் கட்டளைச் சொற்கள் எதுவானாலும் மூடும் மேற்கோளுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, வெளியே வரவேண்டும். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து நகலெடுத்தால் வளைந்த மேற்கோள் வந்து ஒட்டிக்கொள்ளும். அதை விண்டோஸ் ஏற்காது. அழித்துவிட்டுக் கீபோர்டில் நேராக அடியுங்கள்.

அட்மினிஸ்ட்ரேட்டர் டிக் போட்ட நாளிலிருந்து...

இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் காரணம் ஒன்றுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

*பழைய பில்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன.* போகவில்லை. பழைய 32 பிட் புரோகிராம்கள் தங்கள் டேட்டாவைப் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுத முயலும். சாதாரண யூசர் அங்கே எழுத விண்டோஸ் அனுமதிப்பதில்லை. ஆனால் புரோகிராம் நின்றுவிடக்கூடாதே என்று, எழுதியதை ரகசியமாக வேறிடத்தில் சேர்த்துவைக்கிறது. சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் யூசர் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர். அதுதான் அந்த இடம். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் போட்டால் தெரியும்.

அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் இந்தத் திசைதிருப்பல் நின்றுவிடும். புரோகிராம் உண்மையான புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைப் பார்க்கும். அங்கே இன்ஸ்டால் செய்த நாளின் வெற்று டேட்டாதான் இருக்கும். மாம்பழ சீசனில் மே முதல் ஜூலை வரை போட்ட கொள்முதல் பில் முழுக்க ஓரிடத்தில், டிக் போட்ட பிறகு போட்டவை இன்னோரிடத்தில் என்று கணக்கு இரண்டாக உடைவது இப்படித்தான். விர்ச்சுவல்ஸ்டோர் யூசருக்கு ஒன்று என்பதால், பகல் ஆபரேட்டரும் மாலை ஆபரேட்டரும் தனித்தனி விண்டோஸ் யூசரில் நுழைந்தால், டிக்கே இல்லாமலும் ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல் போகும்.

சரிசெய்யும் வரிசை இது. வரிசை மாறக்கூடாது:

1. புரோகிராமை மூடுங்கள். இனி எதையும் பதிவு செய்யாதீர்கள்.
2. புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள அதன் ஃபோல்டர், விர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள அதன் ஃபோல்டர், இரண்டையும் முழுதாகப் பென்டிரைவில் தனித்தனிப் பெயரில் நகலெடுங்கள். பல யூசர் இருந்தால் ஒவ்வொருவரின் விர்ச்சுவல்ஸ்டோரையும் எடுங்கள்.
3. டேட்டா ஃபைல்களின் தேதியையும் அளவையும் ஒப்பிடுங்கள். அளவில் பெரியது பெரும்பாலும் நீண்ட நாள் கணக்கு. தேதியில் புதியது டிக் போட்ட பிறகு வந்தது.
4. சி டிரைவில் நேரடியாக ஒரு புதிய ஃபோல்டரை உருவாக்கி, புரோகிராமை அங்கே இன்ஸ்டால் செய்யுங்கள். அது முடியாதென்றால், இருக்கும் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட் என்று போய் 'யூசர்ஸ்' குழுவுக்கு 'மாடிஃபை' அனுமதி கொடுங்கள். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும். புரோகிராம் ஃபைல்ஸ் முழுவதற்கும் கொடுக்காதீர்கள்.
5. நீண்ட நாள் கணக்கை அங்கே வையுங்கள். விர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். பெயரை மாற்றாவிட்டால், சாதாரணமாகத் திறக்கும்போது புரோகிராம் மறுபடி அதைத்தான் படிக்கும்.
6. அட்மினிஸ்ட்ரேட்டர் டிக்கை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

இரண்டு பக்கமும் பில் போட்டிருந்தால், குறைவானதைக் கையால் மறுபடி பதிவு செய்வதுதான் நம்பகமான வழி. டேட்டா ஃபைல்களை ஒன்றின்மேல் ஒன்று நகலெடுத்தால் ஒன்று அழியும்.

*இசட் டிரைவ் காணவில்லை.* சர்வர் கம்ப்யூட்டரின் ஃபோல்டரை இசட் என்று மேப் செய்திருப்பீர்கள். எக்ஸ்ப்ளோரரில் தெரியும், புரோகிராமுக்குள் தெரியாது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த புரோகிராம் வேறொரு அனுமதிச் சீட்டில் ஓடுகிறது. சாதாரண யூசர் மேப் செய்த டிரைவ் அந்தச் சீட்டில் இல்லை. டிரைவ் எழுத்துக்குப் பதிலாக நெட்வொர்க் முகவரியைக் கொடுங்கள்: இரண்டு பின்சாய்வுக்கோடு, சர்வரின் பெயர், ஒரு பின்சாய்வுக்கோடு, பகிர்ந்த ஃபோல்டரின் பெயர். டிக்கையே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

*அந்த ஒரு புரோகிராமில் மட்டும் தமிழ் அடிக்க முடியவில்லை.* தனியாக இன்ஸ்டால் செய்யும் தமிழ்த் தட்டச்சுக் கருவிகள், நீங்கள் அழுத்தும் விசையை இடைமறித்து எழுத்தாக மாற்றுகின்றன. சாதாரண அனுமதியில் ஓடும் கருவி, அட்மின் அனுமதியில் ஓடும் ஜன்னலின் விசைகளை இடைமறிக்க விண்டோஸ் விடாது. இது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே வைத்த தடை. கருவியையும் அட்மினாக ஓட்டினால் வேலை செய்யும். ஆனால் மருந்துக்கு மருந்து தேடுவது போலாகிவிடும். விண்டோஸோடு வரும் தமிழ் விசைப்பலகைகளுக்கு இந்தத் தடை இல்லை.

*ஃபோல்டரிலிருந்து படத்தை இழுத்துப் போட்டால் விழவில்லை.* அதே தடைதான். கல்யாணப் பத்திரிகைக்குப் படம் வைப்பவர்கள் இதைச் சுட்டி பழுது என்று நினைத்துப் புதுச் சுட்டி வாங்குவதுண்டு. டிக்கை எடுங்கள், முடியாதபோது 'ஃபைல், ஓப்பன்' வழியாகத் திறவுங்கள்.

தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி, கட்டம், அல்லது ஆங்கிலக் குப்பை

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

வரிசையாகக் கேள்விக்குறி வந்தால், அந்தப் புரோகிராம் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடு) தெரியாத பழையது. யூனிகோடுத் தமிழை அதில் ஒட்ட முடியாது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக் குறியீட்டுக்கு மாற்றிக்கொண்டுதான் ஒட்டவேண்டும். இதற்காக ரீஜியன் அமைப்பில் 'யூனிகோடு யூடிஎஃப்-8' என்று பீட்டா குறிப்போடு இருக்கும் டிக்கைப் போடச் சொல்லும் ஆலோசனை சுற்றிவருகிறது. போடாதீர்கள். அது கம்ப்யூட்டர் முழுவதற்குமான மாற்றம். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளைத் தாண்டிய குறிகளின் இடத்திலும் தமிழ் எழுத்துகளை வைத்திருக்கின்றன. அந்த டிக் விழுந்ததும் பழைய புரோகிராம்களில் அந்த இடங்கள் உடைந்து, அதுவரை ஒழுங்காக இருந்த பழைய பத்திரிகை ஃபைல்களில்கூட நடுநடுவே எழுத்து காணாமல் போகும். ஏற்கெனவே போட்டிருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கட்டம் கட்டமாக வந்தால், எழுத்துகள் யூனிகோடில் இருக்கின்றன. தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நிர்மலா யுஐ அல்லது லதா எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலந்து வந்தால், அது பாமினி வகைக் குறியீட்டில் அடித்தது. அந்த எழுத்துரு இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. எழுத்துருவை இன்ஸ்டால் செய்தால் போதும்.

இனி, தமிழில் அடித்துவிட்டு வேறு ஜன்னலுக்குப் போனால் அங்கேயும் தமிழ் வருகிறது என்ற தொல்லை. ஓசூர்ப் பக்கம் ஒரே பத்திரிகையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் அடிப்பவர்களுக்கு இது நாள் முழுதும் நடக்கும். செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ் (விண்டோஸ் 10-இல் டிவைசஸ்), டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் என்று போங்கள். 'லெட் மீ யூஸ் எ டிஃபரன்ட் இன்புட் மெத்தட் ஃபார் ஈச் ஆப் விண்டோ' என்பதற்கு டிக் போடுங்கள். அதன் பிறகு வேர்டு ஜன்னல் தமிழ்99 விசைப்பலகையில் இருக்கும், பில்லிங் ஜன்னல் ஆங்கிலத்திலேயே இருக்கும், ஒன்று மற்றொன்றைத் தொடாது. விண்டோஸ் 10-இன் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து தமிழ்99, அஞ்சல் இரண்டும் விண்டோஸோடே வருகின்றன. லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்து விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பாமினி எழுத்துருவில் அடிக்கும்போது மட்டும் விண்டோஸ் விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். தமிழ்99 இயங்கிக்கொண்டிருந்தால் யூனிகோடு எழுத்து உள்ளே நுழைந்து, ஒரே வரியில் இரண்டு குறியீடு கலந்துவிடும். அதைப் பிரித்தெடுப்பது பெரும் வேலை.

எழுத்து மங்கல், அல்லது பொத்தான்கள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறிது

15.6 அங்குல ஃபுல் ஹெச்டி லேப்டாப்களில் விண்டோஸ் பொதுவாக 125 சதவீதம் பெரிதாக்கிக் காட்டும். பழைய புரோகிராமுக்கு இந்தப் பெரிதாக்கல் தெரியாது. அதனால் விண்டோஸ் அதன் ஜன்னலைப் படம்போல் இழுத்துப் பெரிதாக்குகிறது, எழுத்து மங்குகிறது.

புரோகிராமின் ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' போங்கள். கீழே உள்ள 'ஓவர்ரைடு' டிக்கைப் போட்டால் மூன்று தேர்வு கிடைக்கும். முதலில் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' முயலுங்கள்: பழைய பில்லிங் புரோகிராம்களில் எழுத்து தெளிவாகவும் அளவு சரியாகவும் வரும். சிலவற்றில் பட்டன்கள் இடம்பெயர்ந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அப்போது 'அப்ளிகேஷன்' தேர்ந்தெடுங்கள், எழுத்து தெளிவாக இருக்கும், ஆனால் சிறிதாகும். ஏற்கெனவே சிறிதாக இருப்பதுதான் குறையென்றால் 'சிஸ்டம்'. ஒவ்வொரு முறையும் புரோகிராமை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும். ஒரு பழைய புரோகிராமுக்காகத் திரை முழுவதையும் 100 சதவீதத்துக்கு இறக்கி, மற்ற எல்லாவற்றிலும் கண்ணைக் கெடுத்துக்கொள்ளவேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் போட்டதும் தானாகத் திறக்கவேண்டியது திறக்கவில்லை, அல்லது நடுவில் மூடிக்கொள்கிறது

சாதாரணப் புரோகிராம் என்றால் எளிது. விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் ஷெல் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஸ்டார்ட்டப் என்று அடியுங்கள். திறக்கும் ஃபோல்டரில் ஷார்ட்கட்டைப் போடுங்கள். போட்டும் திறக்கவில்லை என்றால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்டப் பகுதியில் அது 'டிஸேபிள்டு' ஆகியிருக்கிறதா பாருங்கள்.

அட்மின் அனுமதி கட்டாயம் கேட்கும் புரோகிராம் (டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான சில கருவிகள் இப்படி) ஸ்டார்ட்டப் ஃபோல்டர் வழியாகத் தானாகத் திறக்காது. டாஸ்க் ஷெட்யூலர்தான் வழி. 'கிரியேட் டாஸ்க்' தேர்ந்தெடுங்கள், 'பேசிக்' வேண்டாம். ஜெனரலில் 'ரன் வித் ஹையஸ்ட் ப்ரிவிலேஜஸ்' டிக். ட்ரிக்கர்ஸில் 'அட் லாக் ஆன்', அதன் கீழே 'டிலே டாஸ்க் ஃபார்' 1 நிமிடம். மின்வெட்டு முடிந்து எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் எழும்போது சர்வரும் நெட்வொர்க்கும் தயாராக அந்த ஒரு நிமிடம் தேவை. ஆக்‌ஷன்ஸில் புரோகிராமைக் காட்டுங்கள்; 'ஸ்டார்ட் இன்' பெட்டியில் ஃபோல்டர் முகவரி கொடுங்கள். ஷார்ட்கட்டில் மேற்கோள் தேவைப்பட்டதே என்று இங்கேயும் போடாதீர்கள். இந்தப் பெட்டியில் மேற்கோள் இருந்தால் டாஸ்க் ஓடாது.

இதற்குப் பிறகு பலரும் ஓகே அழுத்தி முடித்துவிடுகிறார்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. கண்டிஷன்ஸ் டேபில் 'கம்ப்யூட்டர் மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு' என்ற டிக்கும், அதன் கீழே 'பேட்டரிக்கு மாறினால் நிறுத்து' என்ற டிக்கும் முன்கூட்டியே போட்டிருக்கும். லேப்டாப்பில் கரண்ட் போன அந்த நொடியே புரோகிராம் மூடிக்கொள்ளும். யூஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்த யூபிஎஸ்ஸையும் விண்டோஸ் பேட்டரியாகவே பார்க்கும் என்பதால் டெஸ்க்டாப்பிலும் இதே கதை நடக்கும். இரண்டு டிக்கையும் எடுங்கள். செட்டிங்ஸ் டேபில் '3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து' என்று இன்னொன்று இருக்கும். இரவும் பகலும் ஓடும் சர்வரில் புரோகிராம் மூன்று நாளுக்கு ஒருமுறை காரணமே இல்லாமல் மூடுவதாகத் தோன்றுவது இதனால்தான். அதையும் எடுங்கள்.

எதிர்த்திசைத் தொல்லையும் உண்டு: கேட்காமலே பழைய ஜன்னல்கள் திறப்பது. ஸ்டார்ட்டப் பட்டியலில் இல்லாமலே திறந்தால், செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸில் 'ரீஸ்டார்ட்டபிள் ஆப்ஸ்' பற்றிய சுவிட்சை அணையுங்கள். மூடிய பிறகும் குரோம் பின்னணியில் ஓடினால் அதன் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் உள்ள 'கன்டினியூ ரன்னிங் பேக்ரவுண்டு ஆப்ஸ்' சுவிட்சை அணையுங்கள்.

புரோகிராம் ஓடுகிறது, ஜன்னல் கண்ணில் படவில்லை

முன்பு இரண்டாவது மானிட்டரோ புரொஜெக்டரோ இணைத்திருப்பீர்கள். ஜன்னல் இன்னும் அந்த இல்லாத திரையில் நிற்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி டாஸ்க்பார் ஐகானை ரைட் கிளிக் செய்து 'மூவ்' கொடுங்கள். அம்பு விசை ஒன்றை ஒருமுறை தட்டிவிட்டுச் சுட்டியை அசைத்தால் ஜன்னல் சுட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். 'மூவ்' மங்கலாக இருந்தால் ஜன்னல் முழுத்திரையில் இருக்கிறது. முதலில் 'ரீஸ்டோர்' கொடுங்கள்.

தவறான புரோகிராமில் ஃபைல் திறக்கிறது

பிடிஎஃப் எல்லாம் பிரௌசரில் திறந்தால், ஒரு பிடிஎஃப்பை ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்', வேண்டியதைத் தேர்ந்தெடுத்து 'ஆல்வேஸ்'. படங்களில் ஜேபிஜி, ஜேபிஇஜி இரண்டும் விண்டோஸுக்குத் தனித்தனி வகை. ஒன்றை மாற்றிவிட்டு, வாட்ஸ்அப் படம் மட்டும் பழைய புரோகிராமில் திறக்கிறது என்றால் இரண்டாவதையும் மாற்றுங்கள். ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து இதை மாற்ற முயலவேண்டாம். விண்டோஸ் அந்தப் பதிவைச் சரிபார்த்து, கைமாற்றைத் தள்ளிவிடும்.

எக்செல் ஃபைலை டபுள் கிளிக் செய்தால் எக்செல் திறந்து, ஃபைல் மட்டும் வரவில்லை என்றால்: ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ஜெனரல் பகுதியில் 'இக்னோர் அதர் அப்ளிகேஷன்ஸ்' என்று தொடங்கும் வரியின் டிக்கை எடுங்கள்.

பிரின்ட் வேறு பிரின்டருக்குப் போகிறது

செட்டிங்ஸில் பிரின்டர்ஸ் பகுதியில் 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரின்டர்' இயங்கினால், கடைசியாக எதில் பிரின்ட் எடுத்தீர்களோ அதுவே டிஃபால்ட் ஆகிவிடும். பில் பிரின்டரும் ஏ4 லேசரும் வைத்திருக்கும் கடையில் இதை அணைக்காமல் இருக்கவே கூடாது. ஒரே பிரின்டரில் ஒருபக்கம், இருபக்கம் என்று மாறி மாறி எடுப்பவர்கள், அதே பிரின்டரை வேறு பெயரில் இரண்டாம் முறை சேர்த்து, ஒவ்வொன்றின் 'பிரின்டிங் ப்ரிஃபரன்ஸஸ்'ஸையும் தனியாக அமைத்துக்கொள்ளலாம்.

பிரௌசரில் பாதி நிரப்பிய படிவம் அழிந்துவிடுகிறது

சான்றிதழ் விண்ணப்பத்தை ஒரு டேபில் நிரப்பிக்கொண்டே, ஆதாரை ஸ்கேன் செய்யப் போய்த் திரும்பினால் பக்கம் புதிதாக ஏறிக் காலியாக நிற்கும். இரண்டு காரணம் இருக்கலாம். தளமே நேரம் முடிந்து வெளியேற்றியிருந்தால் உங்கள் பக்கம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மறுபடி லாகின் கேட்காமல் படிவம் மட்டும் காலியானால், நினைவகத்தை மிச்சப்படுத்த பிரௌசர் அந்த டேபைக் கலைத்திருக்கலாம். குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபாமன்ஸ் பகுதியில் 'ஆல்வேஸ் கீப் தீஸ் சைட்ஸ் ஆக்டிவ்' பட்டியலில் அந்தத் தளத்தைச் சேருங்கள். எட்ஜில் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' அமைப்பின் கீழே விலக்குப் பட்டியல் உண்டு. 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் இந்தச் சேமிப்பை முழுதாக அணைக்காதீர்கள். தேவையான தளங்களை மட்டும் விலக்குங்கள்.

ஒரு வாடிக்கையாளரின் லாகின் இன்னொருவருக்கு வந்து நிற்பதைத் தவிர்க்க, ஆபரேட்டருக்கு ஒரு குரோம் ப்ரொஃபைல் வைத்து, ப்ரொஃபைலின் 'கஸ்டமைஸ்' பக்கத்தில் 'கிரியேட் எ டெஸ்க்டாப் ஷார்ட்கட்' சுவிட்சைப் போடுங்கள். வாடிக்கையாளரின் வேலைக்கு எப்போதும் இன்காக்னிட்டோ ஜன்னல்தான். இது அவர்களின் பாதுகாப்பு.

'திஸ் ஆப் கான்ட் ரன் ஆன் யுவர் பிசி'

டாஸ் காலத்து, விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் ஓடாது. கம்பாட்டிபிலிட்டியில் 'விண்டோஸ் 95' என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஓடாது. அவற்றை ஓட்டும் பகுதியே 64 பிட் விண்டோஸில் இல்லை. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. டாஸ் கணக்குப் புரோகிராமுக்கு டாஸ்பாக்ஸ் (விண்டோஸுக்குள் டாஸ் சூழலை உருவாக்கித் தரும் புரோகிராம்) போதும். பிரின்ட்டும் எடுக்கவேண்டுமானால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் தேர்ந்தெடுங்கள். சில நேரம் புரோகிராம் 32 பிட், அதன் இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்டாக இருக்கும். அப்படியானால் பழைய கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் ஆகியிருக்கும் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வந்து, ஸ்டார்ட் இன் சரியாகக் கொடுத்து முயன்று பாருங்கள்.

எந்த அறிகுறியிலும் அடங்கவில்லை என்றால்

கோளாறு புரோகிராமிலா, உங்கள் யூசர் அமைப்பிலா என்று பிரித்துப் பாருங்கள். வேர்டு அல்லது எக்செல் என்றால் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடியே ஐகானைத் திறவுங்கள். சேஃப் மோடு கேட்கும், ஆம் சொல்லுங்கள். அதில் சரியாக ஓடினால் ஆட்-இன் (கூடுதலாகச் சேர்த்த துணைப் புரோகிராம்) ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி. ஃபோட்டோஷாப்பைத் திறந்த உடனே கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் அமைப்புகளை அழிக்கலாமா என்று கேட்கும். ஆக்‌ஷன்களையும் பிரஷ்களையும் முன்பே சேமித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு, செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியில் இணையக் கணக்கு தேவைப்படாத ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி அதில் நுழைந்து திறவுங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் புரோகிராமை அழித்துப் போடுவதில் பயனில்லை. பழைய யூசரில் அந்தப் புரோகிராமின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குப் பெயர் மாற்றி, கம்பாட்டிபிலிட்டி டிக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். புது யூசரிலும் அதே கோளாறு என்றால், டேட்டாவை நகலெடுத்துவிட்டு அந்தப் புரோகிராமை மட்டும் நீக்கி மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்.